பெயர் எழுதிய பெட்டி

மூன்று நாள் பயிற்சியின் கடைசி மணி நேரத்தில் அந்த அதிகாரி, "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால் கூடம் நிறைய ஆட்கள். என்னுடைய இந்தியோ அப்போது காய்கறிக் கடையைத் தாண்டாது. பக்கத்தில் இருந்த எங்கள் டிஸ்பென்சரியின் பெரிய சிஸ்டர் என் தொடையைக் கிள்ளி, "வாயைத் திறக்காதே, நாலரை பஸ் போயிடும்" என்று மராட்டியில் முணுமுணுத்தார். நானும் திறக்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலைத்திருந்தால் இதையெல்லாம் இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. பூனாவை ஒட்டிய நிக்டிக்குப் பக்கத்தில், தொழிற்சாலைக் காலனிகளுக்கும் குடிசைகளுக்கும் நடுவில், இரண்டு அறையும் ஒரு வராந்தாவுமாக ஒரு அரசு டிஸ்பென்சரி. அதில் நான் ஒப்பந்த நர்ஸ். மார்ச் மாதம் வந்தால் போதும், புதுப்பிப்பார்களா, கழற்றி விடுவார்களா என்று தபால்காரரையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரருக்கு பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடம் ஆகியும் என் சுபாவம் மாறவில்லை. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பவள் நான். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நோயாளிகளில் பாதிப் பேர் என்னைச் சிடுமூஞ்சி என்றே நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

டிபி வைத்தியத்தை நாடு முழுக்க மாற்றப் போகிறார்கள் என்பதுதான் பயிற்சியின் விஷயம். அதுவரை நாங்கள் செய்து வந்தது ரொம்பச் சுலபம். நோயாளி வருவார், ஒரு மாத மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்போம், ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து. அவர் தின்றாரா, சாக்கடையில் போட்டாரா என்று யார் கண்டது? இனிமேல் அப்படி இல்லையாம். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுச் சிகிச்சைக்கான மருந்தும் அடங்கிய ஓர் அட்டைப் பெட்டி வரும். அதன் மேல் அவர் பெயரை எழுத வேண்டும். முதல் இரண்டு மாதம் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் அவர் நம் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். நாம் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். ஒரு நாள் வரவில்லையா, மறுநாள் வீடு தேடிப் போக வேண்டும். "பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ, மருந்து அவருடையது. என்ன ஆனாலும் அதில் கை வைக்காதீர்கள்" என்றார் அதிகாரி. பிறகு, "இத்தனை நாள் குணமாகாவிட்டால் நோயாளியின் தப்பு. இனிமேல் அது உங்கள் தப்பு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் பாதி தின்ற பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி இவ்வளவுதான்: பெட்டி நேரத்துக்கு வராவிட்டால் என்ன செய்வது?

பெரிய சிஸ்டரிடம் பஸ்ஸில் கேட்டேன். அவர் சிரித்தார். "இருபது வருஷமா என்ன செய்யறோமோ அதைத்தான். அட்ஜஸ்ட் பண்ணு." அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் டிஸ்பென்சரியே அந்த ஒரு சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு தீர்ந்தால் பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து வாங்கி வருவோம். இருமல் மருந்து தீர்ந்தால் ஒருத்தர் பாட்டிலை இரண்டு பேருக்கு ஊற்றுவோம். மாதக் கடைசியில் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது, எல்லாருக்கும் கொடுத்தாயிற்று என்று எழுதி அனுப்புவோம். இல்லை என்று எழுதினால் மேலே இருப்பவர்கள், "மற்றவர்கள் சமாளிக்கிறார்கள், உங்களால் ஏன் முடியாது?" என்று கேட்பார்கள். சமாளிப்பவள்தான் நல்ல நர்ஸ். எனக்கும் அந்தப் பெயர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெட்டிகள் வந்தன. என் கையால் பெயர் எழுதி அலமாரியில் அடுக்கிய மூன்றாவது பெட்டி ஓர் இட்லிக்காரருடையது.

அவரை எனக்கு முன்பே தெரியும். சைக்கிளின் பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கியபடி எங்கள் காலனித் தெருவுக்கு வருவார். மராட்டிக்காரர்களுக்கு அவர் 'அண்ணா'. தெற்கத்தி ஆண்கள் எல்லாருமே அவர்களுக்கு அண்ணாதான். முப்பது வயதுதான் இருக்கும், எனக்குத் தம்பி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஹாரன் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரர், "ஏ பிள்ள, இட்லி வந்துட்டு, ஏனத்த எடுத்துட்டுப் போ" என்பார். பாத்திரத்தைக் கொண்டுபோய்ப் பத்து இட்லி வாங்குவேன். பேச்சைக் கேட்டதுமே நம்ம ஊர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

அவரே டாக்டர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் நின்றபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் முகமும் விழுந்துவிட்டது.

"யக்கா, நீங்களா இங்கன? யாருட்டயும் சொல்லிராதீங்க. இட்லி விக்கவனுக்கு டிபின்னு தெரிஞ்சா ஒரு பய வாங்க மாட்டான்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? ஒழுங்கா வந்து மாத்திரையப் போடுங்க, அது போதும்."

"அதாங்க்கா, ஒரு மாசத்துக்குச் சேத்துக் குடுத்துருங்க. காலம்பற ஆறரைக்கு சைக்கிள எடுத்தா பதினொன்னாவும் பாத்திரம் காலியாக. இங்கன வந்து நாலு பேருக்கு முன்னால உக்காந்தா எம் பொழப்பு போயிரும்."

"முடியாது."

"முன்னாடி குடுத்தாங்களாமே?"

"முன்னாடி குடுத்தோம், இப்ப குடுக்க மாட்டோம். விழுங்குததை நான் என் கண்ணால பாக்கணும். சட்டம் அப்படி." கத்திவிட்டேன். பயிற்சி முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. 'உங்கள் தப்பு' என்ற குரல் காதுக்குள்ளேயே இருந்தது. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் எனக்கே பாவமாக இருந்தது. டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு கதவு உண்டு. "பதினொன்றரைக்குப் பின்கதவுப் பக்கம் வாங்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

அப்படித்தான் நடந்தது. காலிப் பாத்திரத்தோடு வருவார், கதவை இரண்டு தட்டு தட்டுவார். நான் அவர் பெட்டியை எடுத்து, ஒரு நாள் மருந்து அடங்கிய ஒரு பட்டையைக் கிழித்து, ஏழு மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டுவேன். தண்ணீர்ச் சொம்போடு நின்று ஒவ்வொன்றாக விழுங்குவார். நான் பார்ப்பேன். இரண்டாவது தடவையே பேயறைந்த மாதிரி வந்து நின்றார். "யக்கா, ஒண்ணுக்கு ரத்தமாப் போவுது." மருந்தின் நிறம் அது, சிவப்பாகத்தான் போகும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்ல மறந்திருந்தேன். இரண்டு நாள் அந்த மனிதர் சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே இட்லி விற்றிருக்கிறார். நாங்கள் எவ்வளவு தயாராக இருந்தோம் என்பதற்கு இது ஒன்று போதாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. அவர் சீட்டைப் பார்த்த அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் இட்லி வாங்குவதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டில் டிபி பரவாது என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்பவள் நான். ஆனால் வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்டால் குளிக்கப் போய்விடுவேன். வீட்டுக்காரர் காரணம் கேட்டதற்கு, "சோடா மாவு போடுதான், வயித்துக்கு ஆவல" என்று பொய் சொன்னேன். இட்லிக்காரர் எங்கள் வாசலில் இரண்டு தடவை கூடுதலாக ஹாரன் அடித்துவிட்டுப் போவார். பின்கதவில் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஐந்து வாரம், பதினைந்து பட்டை. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது, இருமல் நின்றது. முதல் கட்டமான அந்த இரண்டு மாதத்துக்கு இன்னும் ஒன்பது பட்டை பாக்கி. ஆறாவது வாரத் திங்கட்கிழமை அவர் வரவில்லை.

பதினொன்றரை, பன்னிரண்டு, ஒன்று. காற்றில் கதவு ஆடினால்கூட எழுந்து எழுந்து பார்த்தேன். மறுநாள் அவர் அறையைத் தேடிப் போனேன். பூட்டு. பக்கத்து அறைக்காரி, "ஊரில் அப்பா இறந்துவிட்டாராம், பெண்டாட்டி பிள்ளைகளோடு ராத்திரி ரயிலுக்கே போய்விட்டார்கள்" என்றாள். எப்போது வருவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்தே கேட்காமல் போய்விடும். வீட்டில் அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். புதன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நான் எழுதிய அந்தப் பெயர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். லாத்தூர் பக்கத்துக்காரி, கட்டடச் சித்தாள். இடுப்பில் பால்குடிக் குழந்தை. இருமி, சேலைத் தலைப்பில் துடைத்து, அதை மடித்து மறைத்தாள். நான் பார்த்துவிட்டேன், ரத்தம். சளிப் பரிசோதனையில் டிபி உறுதி. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் வாரத்துக்கு இரண்டு காலைதான் வருவார். பெட்டி கேட்டு மருந்துக் கிடங்குக்கு ஆள் அனுப்பினேன். ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் என்று பதில் வந்தது. அடுத்த வாரக் கடைசியிலும் அதே பதில். வேறு எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

"அங்கே ஒரு பெட்டி சும்மாத்தானே இருக்கு?" என்றார் பெரிய சிஸ்டர். "அவன் ஊருக்கே போயிட்டான். இவ இங்கே ரத்தம் கக்கறா. மருந்தை அலமாரிக்கா கொடுக்கப் போறே? அட்ஜஸ்ட் பண்ணு. இவ பெட்டி வந்ததும் எடுத்து அதிலே வெச்சிடு."

அவர்மேல் பழி போடவில்லை. கை என்னுடையதுதான். திங்கட்கிழமை காலை, இட்லிக்காரர் பெட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்தேன். அந்தப் பெண் என் எதிரில் விழுங்கினாள், அவள் அட்டையில் குறித்தேன். ஒரு பட்டைதானே, இந்த வாரம் பெட்டி வந்துவிடும் என்று நினைத்தேன். புதனும் எடுத்தேன். வெள்ளியும் எடுத்தேன். மாதக் கடைசி அறிக்கையில், மருந்து நடக்கும் நோயாளிகளின் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்து எழுதினேன். அது பொய்யும் இல்லையே, மருந்து நடந்துகொண்டுதானே இருந்தது! பட்டை குறையக் குறைய எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் திரும்பி வரக்கூடாது என்று ஒரு நாள் மனசுக்குள் ஓடியது. ச்சே, என்ன பிறவி நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எட்டுப் பட்டை போய், ஒரே ஒரு பட்டை பாக்கி. வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் முன்பக்க வராந்தாவில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் அலமாரியைத் திறக்கப் போனேன். பின்கதவை யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள்.

பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போய்த் திறந்தேன். மொட்டைத் தலை, மெலிந்த முகம், கையில் ரயிலில் வந்த பை. பிடித்திருந்த சதை எல்லாம் இறங்கியிருந்தது. பேசுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"அப்பாக்கு முப்பதாம் நாள் விசேஷமெல்லாம் முடிச்சிட்டு நேரே ஸ்டேசன்லருந்து வாரேங்க்கா. வீட்டுக்குக் கூடப் போவல. ஊர்ல பெரியாஸ்பத்திரில கேட்டேன், இங்கயே புதுசா ஆரம்பிச்சுக்கோன்னாங்க. வேண்டாம், பூனாவுல எம் பேரு எழுதி ஒரு பெட்டி இருக்கு, சிஸ்டரக்கா பத்திரமா வச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் பெட்டியைக் கொண்டுவந்தேன். வேறு என்ன செய்ய? மேல்பக்கம் காலியாக இருந்ததை அவரும் கவனித்துவிட்டார். ஐந்து வாரம் பார்த்த பெட்டி அல்லவா. எட்டிப் பார்த்தார்.

"இதுல நெறைய இருந்துச்சேக்கா?"

பின்னாலிருந்து பெரிய சிஸ்டர் என் காதருகே மராட்டியில் மளமளவென்று சொன்னார். "தேதி முடிஞ்சுபோச்சு, திருப்பி அனுப்பிட்டோம்னு சொல்லு. கீழே இருக்கே அடுத்த கட்ட மாத்திரை, அதை எடுத்துக் கொடு. மாத்திரை மாத்திரைதானே, இவனுக்கு என்ன தெரியப் போகுது?" உண்மைதான், அவருக்குத் தெரியாது. அடுத்த கட்டப் பட்டைகள் பெட்டியில் கைபடாமல் இருந்தன. அதில் மாத்திரைகள் குறைவு, மருந்தும் வேறு. முதல் கட்டத்தை முடிக்காமல் அதற்குத் தாவினால் நோய் பதுங்கும், போகாது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"உங்க மருந்த நான் எடுத்துட்டேன் தம்பி" என்றேன். "இன்னொரு பொம்பளைக்குக் குடுத்துட்டேன். அவ பெட்டி வரல. நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு நெனச்சிட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர் பெட்டியின் மேல் விரலை வைத்தார், பெயருக்கு மேல். "இது எம் பேருதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு மாசத்துக்குச் சேத்துக் குடுங்கன்னு கெஞ்சினேன். என்னைய நம்பல. சரி, உங்கள நம்புவோம்னு வச்சிட்டுப் போனேன். நீங்க செஞ்சது நல்லாருக்காக்கா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பட்டையைக் கிழித்து அவர் கையில் கொட்டினேன். விழுங்கினார். சொம்பைக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டு போனார். நான் முன்பக்கம் வந்து அந்தப் பெண்ணிடம், "சாயங்காலம் உன் குடிசைக்கே கொண்டுவந்து தருகிறேன், நம்பு" என்றேன். எந்த வாயால் நம்பு என்று சொன்னேனோ!

கிடங்குக்கே போய் உண்மையைச் சொல்லி மருந்து வாங்கி வருகிறேன் என்றதும் பெரிய சிஸ்டர் தடுத்தார். "மார்ச் வருது, உன் ஒப்பந்தத்தை நினைச்சுப் பாரு. நீயாப் போய்ச் சொல்லுவியா? பைத்தியமா உனக்கு?" நான் கேட்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஒரு பட்டை, திங்கட்கிழமைக்குள் இரண்டு வேண்டும், வேறு வழி இல்லை, அதுதான். பம்பாய் ரோட்டில் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். டாபோடிப் பாலம் வருவதற்குள் அரைத் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். பஸ் குலுங்கியதில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

பயிற்சி கொடுத்த அதே அதிகாரிதான் மருந்துக் கிடங்குக்கும் பொறுப்பு. தாளை வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு கிடங்குக் கதவைத் தள்ளித் திறந்து காட்டினார். உள்ளே பெட்டிகள், இடுப்பு உயரத்துக்கு அடுக்கு அடுக்காக.

"பத்து நாளாச்சு வந்து" என்றார். "யாருக்கு மருந்து இல்லையோ அவர்களுக்கு முதலில் அனுப்பினேன். உங்கள் அறிக்கையைப் பார்த்தேன். எல்லா நோயாளிக்கும் மருந்து நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கிற இடத்துக்கு நான் ஏன் அவசரமாக அனுப்ப வேண்டும்?"

நான் சமாளித்ததால்தான் பெட்டி வரவில்லை. இருபது வருடமாக எங்கள் டிஸ்பென்சரி சமாளித்துக்கொண்டே இருந்ததால்தான் எதுவுமே நேரத்துக்கு வந்ததில்லை. எங்களிடம் என்ன இல்லை என்பது மேலே ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே நாங்கள்தான். அதைப் போய்த் திறமை என்று நினைத்திருந்தேனே!

"மூன்று நாள் பயிற்சியில் என்ன செய்தீர்கள்?" என்று அவர் கேட்டார். பிஸ்கட் தின்றேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஒரு சந்தேகம் இருந்தது சார், கேட்கவில்லை" என்றேன். அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெட்டியும், இட்லிக்காரருக்கு எட்டுப் பட்டையும் கொடுத்தார். கூடவே எனக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். நிரந்தரமாக்கும் பேச்சு மட்டும் நின்றுபோனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு பெரிய திட்டம் வந்து, மறுபடி பயிற்சி, மறுபடி பிஸ்கட். அப்போது சந்தேகம் கேட்கச் சொன்னதும் முதலில் எழுந்தது நான்தான். என் இந்தியைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று சாயங்காலம் குடிசையில் அந்தப் பெண் விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனால் இட்லிக்காரர் வருவாரா? சனி, ஞாயிறு எனக்கு நரகம். ஞாயிறு காலை ஹாரன் சத்தமே கேட்கவில்லை. எனக்குத் தண்டனை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் மருந்தை விட்டுவிட்டால்? என்னால் ஒரு ஆள் சாகப் போகிறான் என்ற நினைப்பு வந்தால் அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்துவிடும். இரண்டு தடவை பால் பொங்கிக் கொட்டியது. "ஒனக்கு என்னதான் ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர். எல்லாவற்றையும் கொட்டினேன், இட்லி வாங்காததன் காரணம் உட்பட. அவர் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு, "சோடா மாவுன்னு அந்தாள நாந்தான் வாசல்ல வச்சுத் திட்டினேன், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பதினொரு மணியிலிருந்து பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். பதினொன்றரை. பன்னிரண்டு. தட்டும் சத்தம் இல்லை. சரி, வீட்டுக்கே போய்க் காலில் விழுவோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். வராந்தா பெஞ்சில், இருபது பேருக்கு நடுவில், அலுமினியப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இங்கன எதுக்கு? பின்னால வாங்க, எல்லாரும் பாக்காங்க" என்றேன் மெதுவாக.

"பாக்கட்டும்" என்றார். சத்தமாகவே சொன்னார். "பின்னால வந்தா யாரு பாப்பா? பெட்டிய இங்கன எடுத்துட்டு வாங்க. எண்ணணும்."

எடுத்துக்கொண்டு வந்தேன். பெஞ்சில் முதல் கட்டப் பட்டைகளைப் பரப்பி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எட்டு. ஒன்றை என்னிடம் நீட்டினார். ஏழு மாத்திரையும் விழுங்கினார். மிச்சத்தை அவரே உள்ளே வைத்து மூடி, அலமாரியில் நான் பூட்டும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாளும் எண்ணாமல் விடவும் இல்லை. அவர் விழுங்குவதை நான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நான் பெட்டியைத் திறப்பதை அவர் பார்த்தார். வராந்தாவில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? செய்தி பரவி நாலைந்து தெருக்களில் அவருக்கு விற்பனை நின்றது. அகுர்டி வரைக்கும் சைக்கிளை மிதித்துப் புதிய ஆட்களைப் பிடித்தார். அதற்கும் காரணம் நான்தான். அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, நானும் மன்னிப்புக் கேட்கும் தைரியத்தைக் கடைசி வரை சேர்த்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை. டாக்டர் சொன்னதும் அவர் காலிப் பெட்டியைக் கேட்டு வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு. நான் குளிக்கப் போகவில்லை. ஏனத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். வாசலில் சைக்கிள் நின்றது. பத்து என்றேன், முகத்தைப் பார்க்காமலே. மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆவி முகத்தில் அடித்தது. நான் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, ஏனத்தின் விளிம்பைப் பிடித்த கையையும் விடவில்லை.

"எண்ணிப் பாத்துக்கிடுங்கக்கா."

"வேண்டாம் தம்பி, சரியாத்தான் இருக்கும்."

"இல்ல, எண்ணுங்க."

தெருவில் நின்று, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். பத்து இருந்தது.